கர்டர் ஊடு

1

போன வாரம் எங்கள் ஆலையின் பெரிய புகைபோக்கியை வெடி வைத்துச் சாய்த்தார்கள். எங்கள் ஆலை என்று நான் சொல்வதில் தப்பில்லை. இந்த இங்கிலாந்து ஊரில், அந்தப் புகைபோக்கிக்கு அடியில், இருபது வருஷத்துக்கு மேல் இரும்பு உருட்டியவன் நான். எருத்தேன்பதியில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்ட சின்னச்சாமி, வெள்ளைக்காரர்கள் பதினோரு பேர் வேலை செய்த இடத்துக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். படித்தவர்கள் இதைப் படித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

பார்க்க ஊரே வந்திருந்தது. மடக்கு நாற்காலி, பிளாஸ்க்கில் டீ, தோளில் குழந்தை. என் மகன் மட்டும் வரவில்லை. புகைபோக்கி விழுவதில் பார்க்க என்ன இருக்கிறது என்று போனில் கேட்டான். இங்கிலீஷில்தான் கேட்டான். அவனுக்கும் எனக்கும் நடுவில் தமிழ் நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

என் பக்கத்தில் ஆர்தர் நின்றார். என்னை வேலையில் சேர்த்துக்கொண்ட பழைய மேஸ்திரி, எண்பதைத் தொடப்போகிற கிழவர். சங்கு ஊதியதும் அவர் கைத்தடியை உயர்த்தி, "ஒதுங்கு!" என்று கத்தினார். அது என் சொல். நான் சேர்ந்த புதிதில், சிவந்த இரும்பு பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வந்தபோது வாயில் தமிழ்தான் வந்தது. அந்தக் கத்தலைக் கேட்டு எல்லாரும் விலகினார்கள். பிறகு ஆலை முழுவதும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இங்கிலீஷ்காரன் ஆலைக்கு ஒரு சொல் கொடுத்துவிட்டு வந்தவன் நம் தாலுகாவில் வேறு யாராவது இருக்கிறார்களா?

புகைபோக்கி விழுந்தது. புழுதி அடங்கியதும் ஆர்தர் சொன்னார், இது புகையில்லாமல் நின்றதை இதற்கு முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன், இரண்டு உலகச் சண்டைகளுக்கும் நடுவில், ஆனால் அப்போது விழவில்லை என்று. பிறகு என் தோளைத் தட்டினார். "போகட்டும் சாமி. உன் ஊரில் நம் கர்டர்கள் இன்னும் நிற்கின்றன அல்லவா?"

நிற்கின்றன என்றேன். அது பொய்யில்லை. முழுக்க மெய்யும் இல்லை. அந்தக் கதையைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

2

எனக்கு அப்போது பதினைந்து வயது. என் பெரியப்பா கடலைக்காய் வியாபாரத்தில் நிமிர்ந்து புது வீடு கட்டினார். எங்கள் பக்கத்தில் அதுவரை மச்சு என்றால் பனைமரத்து உத்திரமான பனங்கை. மிஞ்சிப்போனால் தேக்கு. பெரியப்பா கர்டர் என்கிற இரும்பு உத்திரம் போட்டு, அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து மெத்தைத் தளம் கட்டப்போவதாகச் சொன்னார். கொச்சியில் கப்பலிறங்கி, ரயிலில் பாலக்காடு வந்து, அங்கிருந்து இரண்டிரண்டு வண்டியை முன்னும் பின்னும் சேர்த்துக் கட்டி, ஏழு கர்டர்கள் எங்கள் ஊருக்கு வந்தன. வால் பக்கம் சிவப்புத் துணி கட்டியிருந்தது. மாடுகள் நுரை தள்ளின. ஒரு கல்லால் தட்டினால் கோயில் மணி தோற்கிற நாதம்.

ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். நானும் கையை நீட்டினேன். பெரியப்பா மகன் கந்தசாமி, என்னைவிட நான்கு வயது மூத்தவர், என் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினார்.

"ஏஞ்சின்னு, வேர்வக் கையோட தொடாத. சீமை இரும்பு, துருப் புடிச்சுக்கும்."

மற்ற பிள்ளைகளின் கையில் வேர்வை இல்லையா? நான் பாகம் பிரிந்துபோன சித்தப்பன் மகன், அதுதான் காரணம். என் அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அவர் தலைக்கு மேல் கடைசி வரைக்கும் பனங்கைதான்.

அந்த வீட்டுக்கு ஊர் வைத்த பெயர் கர்டர் ஊடு. கந்தசாமி அண்ணன் கர்டர் ஊட்டுக் கந்தசாமி ஆனார். கல்யாணப் பத்திரிகையில் அப்படி, நிலப் பத்திரத்தில் அப்படி. இன்றுவரை அந்தப் பெயரை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். எரிகிறது என்று எழுத எனக்கு வெட்கமில்லை. சூடான இரும்பைப் பக்கத்தில் நின்று பார்த்திராத மனிதருக்குக் கர்டர் பட்டம். ஜில்லாவில் எவனும் உருட்டாத அளவு கர்டர் உருட்டிய நான் ஊருக்குப் போனால் அப்பன் பெயர்தான் அடையாளம். "இவரு யாருங்க?" "அவருங்களா, சின்னான் மவன்."

3

பட்டாளத்தில் சேர்ந்து, இரண்டாவது சண்டை முடிந்து, கப்பலேறி நான் இந்த ஊருக்கு வந்ததற்கே அந்த ஏழு கர்டர்கள் காரணம் என்று சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ. அந்த இரும்பு பிறக்கிற இடத்தில் போய் நிற்கவேண்டும், வேர்வைக் கையோடு நிற்கவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. முதல் வருஷம் ஆலையைக் கூட்டினேன். பிறகு சூடான இரும்பைத் திருப்புகிற குறடு பிடித்தேன். கடைசி உருளையில் கர்டர் முழு உருவம் எடுத்து வருகிற இடத்தில் ஆர்தர் என்னை நிறுத்தினார். அந்த உருளையில்தான் ஆலையின் பெயரைக் குழியாகச் செதுக்கியிருப்பார்கள். இரும்பு அதில் அழுந்தி ஓடும்போது எழுத்து மேடாக எழும்பும். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு இன்றும் நேரம் பிடிக்கும். ஆனால் காங்கயம் மாட்டின் சூட்டுக்குறியைப் பார்த்து எந்தப் பண்ணை என்று சொல்கிற மாதிரி, முத்திரையைப் பார்த்தால் எந்த ஆலை, எந்த நாடு என்று சொல்லிவிடுவேன்.

என் ஊரில் ஏழு கர்டர்கள் இருக்கின்றன, அவை நம் ஆலையின் சரக்கு என்று முதல் வாரமே ஆர்தரிடம் சொல்லிவிட்டேன். முத்திரையைப் பார்த்தாயா என்று கேட்டார். பெரியப்பாவே சீமை இரும்பு என்று சொன்னார் என்றேன். அந்தக் காலத்தில் எங்களுக்குச் சீமை என்றால் இங்கிலாந்துதான், இங்கிலாந்து என்றால் இந்த ஆலைதான் என்று நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். ஆர்தருக்கு ஏக சந்தோஷம். பத்துப் பேரிடம் சொன்னார்.

சாப்பாட்டு இடைவேளையில் அவர் சொல்கிற கதை எப்போதும் ஒன்றுதான். முதல் சண்டை முடிந்ததும் உலகத்துக்கெல்லாம் இரும்பு வேண்டியிருக்கும் என்று முதலாளிகள் கடன் வாங்கி உலைகளைப் பெருக்கினார்களாம். கேட்க ஆள் வரவில்லை. கப்பல் கட்டுகிறவன் நிறுத்தினான், ரயில் போடுகிறவன் நிறுத்தினான். நடுவில் நிலக்கரிச் சுரங்கத்தில் தகராறு, மாதக்கணக்கில் கரி இல்லை. அதோடு பெல்ஜியத்துக்காரன். முதல் சண்டையில் ஜெர்மன்காரன் புகுந்து பெல்ஜியத்து ஆலைகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். சண்டை முடிந்ததும் அவர்கள் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். இங்கே ஆர்தரின் தாத்தா எண்ணெய் விட்ட நீராவி எந்திரமே ஓடிக்கொண்டிருந்தது. "நாங்கள் ஜெயித்தோம், அதனால் பழைய எந்திரம் எங்களுக்கே தங்கிவிட்டது. அவர்கள் கொள்ளைபோன வீட்டில் புது எந்திரம்" என்று ஆர்தர் பல்லைக் கடிப்பார். பங்காளி வீட்டைப் பார்த்து வயிறு எரிவது எங்கள் பக்கத்துச் சொத்து என்று நினைத்திருந்தேன். வெள்ளைக்காரனுக்கும் அதே வயிறு.

அப்புறம் உலகம் முழுவதும் வியாபாரம் படுத்தது. இங்கே உலைகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். உலை நம் வீட்டு அடுப்பு மாதிரி இல்லை, ஒருமுறை ஆறவிட்டால் உள்ளே கட்டிய கல்லெல்லாம் வெடித்துப்போகும். இருந்தும் அணைத்தார்கள். இரும்பு வேலைக்காரர்களில் பாதிப் பேர் வீட்டில். ஆர்தருக்கு அப்போது முப்பது வயது, இரண்டு குழந்தை. வேலையில்லாதவர்களுக்குச் சர்க்கார் கொடுக்கிற உதவிப் பணத்துக்கு வரிசையில் நிற்கும்போது எதிரே ஊர் மார்க்கெட்டுக்குப் புதுக் கட்டிடம் எழுந்தது. அதற்கு வந்த கர்டரெல்லாம் பெல்ஜியம். மலிவாம். அதை இறக்குகிற கூலிக்கு இவர்களே போய் நின்றார்களாம், இரும்பு உருட்டுகிற கைகள். பிறகு சர்க்கார் வெளிநாட்டு இரும்புக்கு வரி போட்டது, அடுத்த சண்டைக்குத் துப்பாக்கி செய்ய ஆரம்பித்தது, உலையில் மறுபடி நெருப்பு வந்தது. ஆனால் ஆர்தர் அந்த மார்க்கெட்டுக்குள் அதற்கப்புறம் காலெடுத்து வைக்கவே இல்லை. அவர் பேச்சைக் கேட்டு நானும் வைக்கவில்லை. கத்தரிக்காய்க்கும் தக்காளிக்கும் என் சம்சாரம் தெய்வானை ஒரு மைல் சுற்றிப் போவாள். "எவனோ பெல்ஜியக்காரன் மேல கோவம், என்ற காலு நோவுது" என்பாள்.

4

ஓய்வு பெற்றதும் ஊரில் வீடு கட்டுவது என்று முடிவு செய்தேன். எட்டு கர்டர். ஏழு இல்லை, எட்டு.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ்ஸில் போகிறோம். எங்கள் ஊர் எல்லை வந்ததும் கண்டக்டர் விசிலை ஊதி, "கர்டர் ஊடெல்லாம் எறங்கு" என்றார். எனக்குப் புரியவில்லை. நான் வெளிநாட்டில் இருந்த காலத்தில் பஸ் வந்திருக்கிறது, பஸ் நிற்கிற இடத்துக்கு அந்த வீட்டின் பெயர் வந்திருக்கிறது. பட்டா நிலம் மாதிரி பெயரைத் தார் ரோட்டில் பதிந்துவிட்டார்கள். தெய்வானை என் முகத்தைப் பார்த்து வாயில் சேலையை வைத்துச் சிரித்தாள்.

அப்போது இரும்புக்கும் சிமென்ட்டுக்கும் பெர்மிட் வேண்டும். ஆபீசுக்குப் போனேன். எங்கள் தாலுகா மலையாள ராஜ்யத்தில் சேர்ந்துவிட்டதால், அபேட்சை மனுவை மலையாளத்தில் எழுதித் தரவேண்டும் என்றார்கள். எழுதுகிற ஆள் ஒருவரைப் பிடித்து எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா நல்ல மனிதர். படித்துப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கர்டரோ? இப்போ ஆரா சாரே கர்டர் வைக்குந்நது? கம்பியிட்டு வார்த்தா போரே?"

இப்போது யார் கர்டர் வைக்கிறார்கள், கம்பி போட்டு கான்கிரீட் வார்த்தால் போதாதா என்று கேட்கிறார். நான் யார், எந்த ஆலை, என் கை வழியாக எத்தனை பாலத்துக்குக் கர்டர் போயிருக்கிறது என்று விளக்கினேன். என் இங்கிலீஷ் உருளைக்கூடத்து இங்கிலீஷ், அவருக்குப் பாதிதான் போய்ச்சேர்ந்தது. நாற்காலி போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார், லண்டனில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். கர்டர் மட்டும் இந்த வருஷ ஒதுக்கீட்டில் இல்லை என்றார். இங்கிலாந்தில் நாளெல்லாம் கர்டரைப் பிறக்கவைத்தவன், சொந்த ஊரில் ஒன்றுக்கும் வழியில்லாமல் படியிறங்கினேன்.

ஊருக்குத் திரும்பினால் கந்தசாமி அண்ணன் வீட்டு வாசலில் சிமென்ட் மூட்டைகள். அவர் பையன்கள் மூன்று பேரும் முந்திய வருஷமே எழுதிப்போட்டு பெர்மிட் வாங்கிவிட்டார்கள். பழைய வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு. மூன்று பையன்களும் அதே வாசலில், மூன்று மருமகள்களும் ஒரே அடுப்பில். அதைப் பார்த்தும் எனக்கு எரிந்தது, அதை மறைப்பானேன். ஆனால் காதில் விழுந்த அடுத்த சேதி எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. கர்டர்களை விற்கப் போகிறார்கள்.

நாற்பது வருஷ ஆசை. கேட்டால் அவர் முகம் கறுக்கும், அப்பன் வைத்த இரும்பை எப்படிக் கொடுப்பேன் என்று தயங்குவார், நான் கெஞ்சாமல் நின்று வாங்கவேண்டும் என்று வேட்டி மாற்றிக்கொண்டு போனேன்.

"ஏனுங்ணா, அந்தக் கர்டருங்கள நானே எடுத்துக்கலாம்னு..."

அவர் வெற்றிலையைக்கூடத் துப்பவில்லை. "எடுத்துக்கடா சாமி. பழைய இரும்புக்காரனுக்குப் போடற எடை வெலைதான். மொதல்ல இங்கிருந்து போனாச் சேரி. வெயிலேறுனா அது டிக்கு டிக்குனு முறுக்குது, சோத்துத் தட்டுல சுண்ணாம்பு உளுகுது. உங்க அண்ணி இருவது வருசமா வைய்யறா."

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. பறித்துக்கொள்ள வந்தவனுக்குக் குப்பையைக் கொட்டுகிற மாதிரிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? இத்தனை காலமும் நான் ஏங்கிய சாமான் அவர்களுக்குத் தலைவலியாக இருந்திருக்கிறது. கொஞ்சமாவது கண்கலங்கியிருந்தால் நான் கூட நாலு காசு போட்டுக் கொடுத்திருப்பேன்.

5

மெத்தையைப் பிரித்து, ஏழையும் கயிறு கட்டி இறக்கி, என் மனையில் அடுக்கினோம். எட்டாவது கிடைக்கவில்லை. ஏழுக்கு ஏற்றபடி வீட்டைச் சுருக்கினேன். கொத்தனார் வாங்கா என்கிற இரும்புக் கம்பியால் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, என் ஆலையின் முத்திரை எழும்பி வரப்போகிறது என்று காத்திருந்தேன். ஆர்தருக்கு அனுப்ப போட்டோ பிடிக்கிறவரைக்கூட வரச்சொல்லியிருந்தேன்.

முதல் எழுத்து வந்ததுமே தெரிந்துவிட்டது. மற்ற ஆறையும் சுரண்டச் சொன்னேன். ஏழும் பெல்ஜியம்.

போட்டோ பிடிக்கிறவரை இன்னொரு நாள் வரச்சொல்லித் திருப்பி அனுப்பினேன். எந்த வருஷம் ஆர்தர் வரிசையில் நின்றாரோ, அநேகமாக அதே வருஷம்தான் பெரியப்பா வண்டியில் இவை வந்தன. வெள்ளைக்கார சர்க்கார் நம் நாட்டில் பெல்ஜியம் இரும்புக்கு இங்கிலீஷ் இரும்பைவிடக் கூடுதல் வரி போட்டிருந்ததாம். அப்படியும் அது மலிவாகத்தான் விழும் என்று ஆர்தர் சொல்லியிருக்கிறார். அந்த மலிவுக்கு விழுந்தவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். என் குருநாதர் வீட்டு அடுப்பை அணைத்ததில் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு கை உண்டு.

வருத்தமாக இருந்தது. ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில் வேறொன்று குளிர்ந்தது. ஊரெல்லாம் சீமை இரும்பு, சீமை இரும்பு என்று மார்தட்டிய குடும்பத்தின் இரும்பு, சீமையிலேயே ஒருவனும் மதிக்காத மலிவுச் சரக்கு. இது தெரிந்த ஆள் ஊரில் நான் ஒருவன். சும்மா இருக்க முடியுமா?

அண்ணன் வீட்டில் கான்கிரீட் போடுகிற நாளுக்குக் காத்திருந்தேன். அன்று ஊரே வரும். சட்டி கைமாற்ற ஆள், சாப்பாடு, சத்தம். மத்தியானம் பந்தி முடிந்து எல்லாரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"ஏனுங்ணா, உங்கய்யன் போட்ட கர்டரு இங்கிலீசு இரும்பில்லீங். சுரண்டிப் பாத்துட்டேன். பெல்ஜியம்."

"அது எங்கிருக்குது?"

"இங்கிலாந்துக்கு எதுத்தாப்ல. மலிவுச் சரக்குங். எங்க ஆலை இரும்பு வாங்கோணும்னா இன்னும் மேல குடுத்திருக்கோணும்."

எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அதற்காகத்தானே வந்தது. அவர் மெதுவாகத் தலையாட்டினார். பிறகு அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியது, எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"அப்ப எங்கய்யன் ஏமாறலீங்கற. நானும் இத்தன வருசமா, பேருக்கு ஆசப்பட்டு வெள்ளக்காரனுக்குக் காசக் கொட்டிட்டாரேன்னு நெனச்சிட்டிருந்தேன். கெட்டிக்காரருதான்."

கூட்டம் சிரித்தது. என்னோடு சேர்ந்து இல்லை. அண்ணி மோர்ச் சொம்போடு வந்தவர், என் டம்ளரை நிரப்பிக்கொண்டே சொன்னார்.

"நாப்பது வருசம் எங்க தலைக்கு மேல நின்னுச்சுங் கொழுந்தனாரே. எந்தூருன்னு ஒரு நாளும் அது சொல்லுல, நாங்களும் கேக்குல."

மோரைக் குடித்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய? ஆர்தரின் ஆலை எதனால் படுத்தது என்று புத்தகம் எழுதுகிறவர்கள் ஆயிரம் காரணம் சொல்லட்டும். அன்று வேப்பமரத்தடியில் நான் பார்த்தது போதும். பாலக்காட்டிலோ பம்பாயிலோ எங்கேயோ ஒரு கெட்டிக்காரர் இரண்டையும் தட்டிப் பார்த்து, நாதம் ஒன்றுதான், விலை குறைந்ததைக் கொடு என்று சொல்லியிருக்கிறார். அதற்கு எந்த மேஸ்திரியிடமும் பதில் கிடையாது.

6

என் வீடு எழும்பியது. உத்திரம் ஏற்றுகிற அன்று மஞ்சள் துணி கட்டி, மாவிலை கட்டி, பூசணிக்காய் உடைத்து, ஏழையும் வரிசையாக ஏற்றினோம். எழுத்து இருந்த பக்கத்தையெல்லாம் வாசலுக்கு முதுகு காட்டி வைக்கச் சொன்னேன். முதல் கர்டரை மாவிலையோடு ஆர்தருக்காகப் போட்டோ பிடித்தோம். இங்கே திரும்பி வந்து அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். இப்போது அது அவர் கணப்பு மேடையில், அவர் பேரனின் போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெல்ஜியம் இரும்பு மேல் அவருக்குள்ள வைராக்கியத்தின்படி பார்த்தால் என் வீட்டுக்குள் அவர் கால் வைக்க முடியாது. அவரிடம் நான் சொல்லப்போவதில்லை. ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து தெய்வானை மார்க்கெட் கட்டிடத்துக்குள் போய்க் காய்கறி வாங்குகிறாள், நான் கூடை தூக்கிக்கொண்டு பின்னால் போகிறேன். அதையும் சொல்லப்போவதில்லை. மகனிடம் அதே போட்டோவைக் காட்டினேன். பூச்சு பூசிவிட்டால் கர்டர் வெளியே தெரியவா போகிறது அப்பா என்று கேட்டான். அவன் கேட்பதில் நியாயம் இருக்கும்போதுதான் எனக்குக் கோபம் அதிகம் வரும்.

வீட்டு நெற்றியில் 'கர்டர் இல்லம்' என்று சிமென்ட்டில் எழுத்து வைத்தேன். பெரிய எழுத்து. ரோட்டிலிருந்தே தெரியும். இப்போது ஊரில் கர்டர் இருப்பது ஒரே வீட்டில், என் வீட்டில். பங்காளி வீட்டில் தேடினாலும் ஒரு துண்டு கிடைக்காது, எல்லாம் கம்பியும் ஜல்லியும். பெயர் தானாக இந்தப் பக்கம் வந்துவிடும் என்று நினைத்தேன்.

நாங்கள் இங்கிலாந்துக்குத் திரும்புவதற்கு முந்திய வாரம், கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பி பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் வந்தார். எருத்தேன்பதிக்கு இரண்டு டிக்கெட் என்றேன்.

"எருத்தேன்பதீல எந்த ஸ்டாப்புங்?"

"கர்டர் இல்லம்."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். பின்னால் இருந்தவரைக் கேட்டார். பின்னால் இருந்தவர் தனக்குப் பின்னால் இருந்தவரைக் கேட்டார். பஸ் முழுவதும் ஒரு சுற்றுப் போய் வந்தது.

"லண்டன்காரரு புது ஊடுங்களா? கர்டர் ஊட்டுக்கு எதுத்த சந்துல?" என்றார் ஒரு கிழவி. "அதுக்குக் கர்டர் ஊட்டுலதான் எறங்கோணும்."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெய்வானை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். வெயில். பின்னால் கூட்டம். மடியில் ஒரு மூட்டை வெங்காயம்.

"கர்டர் ஊடு, ரெண்டு" என்றேன்.